உருண்டைக்குள் ஒரு சுரங்கம்!



உங்கள் பையில் கோலிகுண்டு இருக்கிறதா? இருந்தால் ஒன்றை வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் மனசுக்குள் ஒன்றை உருட்டிக் கொள்ளுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்தக் கோலியில் இந்தப் பக்கம் ஆரம்பித்து அந்தப் பக்கம் வரை, சரியாக நடு வழியே, ஒரு நூல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட வேண்டும். கோலி உடையக் கூடாது. விரிசல் விடக் கூடாது. ஓட்டை கோணலாகப் போகக் கூடாது. முடியுமா?

"அதுதான் டிரில்லிங் மெஷின் இருக்கிறதே தாத்தா!" என்பீர்கள். சரி, மெஷின் கிடையாது. கரண்டும் கிடையாது. வில் மாதிரி வளைத்த ஒரு குச்சி, கொஞ்சம் கயிறு, ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான் கையில் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள்!

முடியும். நம் காங்கேயத்துக்கு வடக்கே, நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கும் கொடுமணல் என்ற ஊரில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதையே தொழிலாகச் செய்து கொண்டிருந்தார்கள். அதுவும் கோலியை விடச் சின்னக் கல்லில். கண்ணாடியை விடக் கடினமான கல்லில்! அதே வேலையை நாமும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். கல் மட்டும் வேறு. நம் கைக்கு அடங்குகிற கல்லாக எடுத்துக்கொள்வோம்.

சின்ன உருண்டைக்குப் போவதற்கு முன், ஒரு பெரிய உருண்டையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?

பெரிய நகரங்களில் 'பௌலிங்' என்று ஒரு விளையாட்டு உண்டு. கிரிக்கெட் பௌலிங் இல்லை, இது வேறு. வழவழப்பான நீண்ட தளத்தில் கனமான பந்தை உருட்டிவிட்டு, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். பந்தின் குறுக்களவு சுமார் 21.6 சென்டிமீட்டர். எடை 7.26 கிலோ வரைக்கும் இருக்கலாம். ஒரு நல்ல பூசணிக்காய் கனம்! இதை ஒரு கையால் எப்படித் தூக்குவது? அதற்காகத்தான் பந்தில் மூன்று ஓட்டைகள். கட்டைவிரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கு ஒன்று, மோதிரவிரலுக்கு ஒன்று. ஆட்டக்காரரின் விரல் பருமனையும், விரலுக்கும் விரலுக்கும் உள்ள தூரத்தையும் அளந்து, தையல்காரர் சட்டை தைப்பது போல ஆளுக்குத் தகுந்தாற்போல் ஓட்டை போடுவார்கள். ஓட்டை கொஞ்சம் சாய்ந்தாலும் விரல் வலிக்கும். அமெரிக்காவில் சில ஆட்டக்காரர்கள் இதையே பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டு, சொந்தப் பட்டறையில் தங்கள் பந்தைத் தாங்களே துளைத்துக் கொள்கிறார்கள்.

ஓட்டை தவறிவிட்டால்? கவலையில்லை. பிசின் மாதிரியான ஒரு ரசாயனத்தை ஊற்றி அடைத்துவிட்டு, அது இறுகிய பிறகு மறுபடியும் துளைக்கலாம்.

கல்லில் செய்த மணிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே வாய்ப்புத்தான். தவறினால் போனது போனதுதான்.

எனக்கு ஒரு பழைய கடன்

இந்த விஷயத்தில் நான் ஒரு மாணவனுக்குக் கடன்பட்டிருக்கிறேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

1983ஆம் வருஷம். ஆசிரியர் பயிற்சி முடித்து, நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நொய்யல் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்து வரும் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், ஒரு நாள் காலையில் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கையைத் திறந்து காட்டினான். சுண்டைக்காய் அளவில், செங்காவி நிறத்தில், பளபளவென்று ஓர் உருண்டைக் கல்.

"சார், இது என்னுங்க சார்? எங்க காட்டுல ஏர் ஓட்டறப்ப கெடைச்சுதுங்க."

நான் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஊசியால் குத்தினது போலச் சின்னக் குழி. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. "பாசியா இருந்தா ஓட்டை இருக்கோணுமேடா. இதுல ஓட்டையே இல்லையே! ஏதோ கூழாங்கல்லு. கோலி ஆடறதுக்கு ஆகும், போ!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவன் அப்படியே செய்தான். அன்று மத்தியானமே வேப்பமரத்தடியில் ஆடித் தொலைத்தும் விட்டான்.

இரண்டே வருஷம். 1985ல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கொடுமணலில் அகழாய்வு தொடங்கினார்கள். பேராசிரியர் எ.சுப்பராயலு, கா.ராசன் போன்றவர்கள் அங்கே வேலை செய்தார்கள். குழியிலிருந்து மணிகள் வந்தன. முழு மணிகள் மட்டுமல்ல. உடைத்துப் போட்ட கல் சில்லுகள், பாதி தேய்த்த மணிகள், தேய்த்து முடித்தும் துளை போடாத மணிகள், இப்படி எல்லா நிலையிலும் வந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? யோசித்துப் பாருங்கள். ஓர் ஊரில் அழகான முழு மணி கிடைத்தால் என்ன தெரியும்? அந்த ஊர்க்காரர்கள் மணி அணிந்தார்கள் என்று தெரியும். அதை எங்கேயோ சந்தையில் வாங்கி வந்திருக்கலாம். ஆனால் பாதி துளைத்த மணி? அதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? அது செய்த இடத்திலேயேதான் கிடக்கும். ஆக, 'இந்த ஊரில் பட்டறை இருந்தது' என்று சாட்சி சொல்வது முழு மணியல்ல, முடியாத மணி. நான் "ஓட்டை இல்லை, போ" என்று சொன்னது அப்படி ஒரு சாட்சியைப் பார்த்தாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடிகிறது. மறுபடி பார்க்கக் கல் இல்லையே!

கொடுமணலில் என்னவெல்லாம்?

கொடுமணல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில், நொய்யலின் வடகரையில் இருக்கிறது. சங்க நூலான பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று இந்த ஊர் பெயர் வருகிறது. சேர நாட்டுத் தலைநகரான கரூருக்கும் மேற்குக் கடற்கரைக்கும் நடுவே வண்டிகள் போய் வந்த பெருவழியில் இருந்த ஊர் இது. 1985க்குப் பிறகு பல முறை தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். 2012, 2013ல் புதுவைப் பல்கலைக்கழகம் தோண்டியது. 2020, 2021ல் தமிழக அரசின் தொல்லியல் துறை தோண்டியது. இரும்பு, உருக்கு செய்த உலைகளும் இங்கே இருந்தன. பானை ஓடுகளில் 'ஆதன்' என்றெல்லாம் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். நீங்கள் டிபன் பாக்ஸில் பெயர் வெட்டி வைப்பது போலத்தான்!

மணிகள் விஷயத்துக்கு வருவோம். ஒரே ஒரு ஈமச்சின்னத்தில், அதாவது இறந்தவருக்காகக் கற்பலகைகளால் கட்டிய அறையில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் என்பது செங்காவி நிறக் கல். கடலில் கிடைக்கும் பவளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் கல் நம் பக்கத்தில் கிடைப்பதில்லை. குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து கல்லைக் கொண்டு வந்து இங்கே துளைத்திருக்கிறார்கள் என்றால், இங்கே இருந்த கைகளுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்!

இரண்டாயிரம் மணிக்கு எத்தனை ஓட்டை? இரண்டாயிரம். ஒவ்வொன்றும் கையால் போட்டது. இதை எழுதும்போதே எனக்குத் தோள் வலிக்கிறது.

எல்லாக் கல்லும் வெளியூரிலிருந்து வரவில்லை. காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் வழியில் படியூர் இருக்கிறதல்லவா? பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்து போயிருப்பீர்கள். அங்கே 'பெரில்' என்னும் கல் கிடைத்தது. கடல் தண்ணீர் மாதிரி வெளிர் நீலமும் பச்சையும் கலந்த நிறம். 1819, 1820ஆம் வருஷங்களில் ஆங்கிலேயர்களும் அங்கே வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதற்கும் 1,700 வருஷத்துக்கு முன்பே ரோமாபுரிச் சீமாட்டிகள் இந்தப் பெரில் கல் மேல் ஆசையாக இருந்தார்கள். பிளினி என்ற ரோம அறிஞர், கி.பி. 79ல் எரிமலை வெடித்தபோது இறந்து போனவர், தன் புத்தகத்தில் பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இந்தியர்களுக்கு இந்தக் கல் நீளமாக இருந்தால் ரொம்பப் பிடிக்குமாம். தங்கம் கட்டாமலேயே அழகாக இருக்கும் கல் இது ஒன்றுதான் என்பார்களாம். அதனால் துளை போட்டு, யானை முடியில் கோத்துக் கொள்வார்களாம்! யானை முடி மோதிரம் உங்கள் தாத்தா காலத்தில் பார்த்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

எது எதைக் கீறும்?

சரி, இவ்வளவு கெட்டியான கல்லை எதனால் துளைத்தார்கள்? இரும்பு ஆணியாலா? முடியாது. ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னப் பாடம்.

1812ல் ஜெர்மனியைச் சேர்ந்த மோஸ் என்பவர், கற்களுக்கு மார்க் போட்டார். எந்தக் கல் எந்தக் கல்லைக் கீறுகிறதோ அதற்கு அதிக மார்க். மிருதுவான டால்க் கல்லுக்கு 1. முகப்பவுடர் செய்வது அதில்தான். வைரத்துக்கு 10. உங்கள் நகத்துக்கு இரண்டரை மார்க். சாதாரண இரும்பு ஆணிக்கு நாலு, நாலரை. கண்ணாடிக்கு ஐந்தரை. சூதுபவளம் கிட்டத்தட்ட 7. பெரில் ஏழரையிலிருந்து 8. ஆக, நாலரை மார்க் வாங்கிய ஆணி, ஏழு மார்க் வாங்கிய சூதுபவளத்தை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது, தானே மழுங்கிப் போகும்.

8க்கும் 10க்கும் நடுவே, 9 மார்க் வாங்கிய கல் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் குருந்தம். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகள்தான். இங்கிலீஷில் இதைக் 'கொரண்டம்' என்பார்கள். அது எங்கிருந்து போன சொல் தெரியுமா? நம் தமிழ்ச் சொல் குருந்தத்திலிருந்துதான்! அந்தக் குருந்தம் கிடைக்கும் இடங்களில் ஒன்று நம் சிவன்மலை. ஆமாம், முருகன் கோயில் இருக்கிற அதே சிவன்மலைதான். அங்கே உள்ள பாறைகளைப் பற்றி ஹாலந்து என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1901லேயே ஒரு தனி நூல் எழுதினார். நானும் படி ஏறி இறங்கின ஆள்தான். அத்தனை வருஷம் காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஏறியிருக்கிறேன்!

துளைக்கிற முனை கல்லை விடக் கெட்டியாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. முனைக்கும் கல்லுக்கும் நடுவே குருந்தப் பொடியையோ மணலையோ தண்ணீரில் குழைத்து விட்டால், பொடி கல்லை அராவும். முனை அந்தப் பொடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் போதும். பழைய எகிப்தில் செம்புக் குழாயையும் மணலையும் வைத்தே கருங்கல்லைத் துளைத்திருக்கிறார்கள். அதைவிட வேகமான வழி, முனையிலேயே வைரச் சில்லைப் பதித்துவிடுவது. இது நம் நாட்டில் பிறந்த வித்தை.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் க்வின்னெட், கோரெலிக் என்று இரண்டு பேர். இருவரும் பல் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்கள்! பல் கட்ட அச்சு எடுப்பார்களே, அதே மாதிரி பழைய மணிகளின் ஓட்டைக்குள் சிலிகான் என்ற பசையை விட்டு அச்சு எடுத்தார்கள். இறுகினதும் உருவி எடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஓட்டையின் உள்சுவரில் துளைத்த முனை விட்டுப்போன வரிகள் அப்படியே தெரிந்தன. மணல் போட்டுத் துளைத்தால் ஒரு மாதிரி வரி, வைர முனை என்றால் வேறு மாதிரி, ஒழுங்கான வட்ட வட்ட வரி. வைர முனை வைத்துத் துளைக்கும் முறை இந்தியாவிலிருந்து ரோமாபுரி வரை போயிருக்கிறது என்று 1988ல் அவர்கள் எழுதினார்கள். ஓட்டைக்குள்ளே எழுத்து இருக்கிறது பாருங்கள்!

வைரம் இல்லாத காலத்தில் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சிந்துவெளி மக்கள் இன்னும் பழையவர்கள். கல்லையே கூர்முனையாகச் செய்து சூதுபவளத்தைத் துளைத்தவர்கள். கெனோயர் என்ற அறிஞர் அதே மாதிரி முனையால் துளைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான் இறங்கியது. நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு சென்டிமீட்டர் மணிக்கு நாலு மணி நேரம். பத்து சென்டிமீட்டர் நீள மணிகளும் அவர்களிடம் இருந்தன. அதற்கு நாற்பது மணி நேரம்!

குஜராத்தில் காம்பாத் என்ற ஊரில் இந்தத் தொழில் நம் காலம் வரைக்கும் உயிரோடு வந்திருக்கிறது. துளை முனையில் இரண்டு சின்ன வைரச் சில்லுகளைப் பதித்து, வில்லால் சுழற்றுகிறார்கள். அங்கே இன்னொரு விஷயமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். கல்லை உலர்ந்தபடியே சாணை பிடிக்கும்போது பறக்கிற தூள், மூச்சோடு நுரையீரலுக்குள் போய்ப் படிந்துவிடும். 'சிலிகோசிஸ்' என்று பெயர். வந்தால் தீராது. காம்பாத்தில் எத்தனையோ தொழிலாளிகள் இதனால் செத்துப் போயிருக்கிறார்கள். ஆகவே நான் கீழே சொல்லப்போகிற எந்த வேலையையும் தண்ணீர் இல்லாமல் செய்யக் கூடாது. கல் எப்போதும் நனைந்தே இருக்கட்டும். இதில் மட்டும் நான் பழைய பிரம்புக்கால வாத்தியார்தான்!

இனி நம் பட்டறை

சூதுபவளம் நமக்கு வேண்டாம். பாட்டி வீட்டுப் பரணில் உடைந்த கல்சட்டி கிடக்கிறதா பாருங்கள். புளிக்குழம்பு வைப்பார்களே, அந்தக் கல்சட்டி. அது மாக்கல்லில் செய்தது. டால்க் கலந்த கல். அதனால் மிருது, ஆணியால் கீறலாம். உடைந்ததைத்தான் எடுக்க வேண்டும். நல்ல சட்டியை உடைத்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்! கல்சட்டி கிடைக்காதவர்கள் துணி துவைக்கும் சோப்பில் பழகலாம். கை பழக அதுவும் நல்லதுதான்.

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு துண்டை அறுத்துத் தரச் சொல்லுங்கள். முதலில் அதைச் சதுரக் கட்டியாகத் தேயுங்கள். சொரசொரப்பான கல் மேல் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். அம்மிக்கல் வேண்டாம், பாட்டி உங்களைத் தேய்த்துவிடுவார். சதுரம் வந்ததும் எட்டு மூலைகளையும் தேயுங்கள். பிறகு விளிம்புகளைத் தேயுங்கள். இப்படி மூலை மூலையாகத் தேய்த்துக்கொண்டே போனால் கட்டி உருண்டையாகிவிடும். எடுத்தவுடன் உருண்டையாக்கப் பார்த்தால் கோழிமுட்டைதான் வரும்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். உருண்டையில் எங்கே ஓட்டை ஆரம்பிக்க வேண்டும்? எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். ஆனால் எங்கே முடிய வேண்டும்? அதற்கு நேர் எதிரே! அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் பார்த்துக் குறித்தால் ஏமாந்து போவீர்கள். ஒரு நூலை எடுத்து உருண்டையின் மிகப் பெரிய சுற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அந்த அளவுக்கு வெட்டுங்கள். வெட்டிய நூலைச் சரிபாதியாக மடியுங்கள். இப்போது பென்சிலால் வைத்த முதல் புள்ளியில் ஒரு நுனியைப் பிடித்து, உருண்டையின் மேல் நேராகப் போனால், பாதி நூல் முடிகிற இடம் எதிர்ப்புள்ளி. இன்னொரு திசையிலும் நூலை ஓட்டிப் பாருங்கள். அதே இடத்தில் வந்து முடிந்தால் உங்கள் உருண்டை நல்ல உருண்டை. முடியாவிட்டால் கல் இன்னும் முட்டைதான், மறுபடி தேயுங்கள்! பூமி உருண்டையிலும் வடதுருவத்துக்கு நேர் எதிரே தென்துருவம் இருப்பது இப்படித்தான். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ் முனையால் இரண்டு புள்ளியிலும் திருகித் திருகிச் சின்னக் குழி செய்துகொள்ளுங்கள். குழி இல்லாவிட்டால் ஆணி வழுக்கி ஓடும்.

இனி துறப்பணம். முன்பெல்லாம் மர ஆசாரிகள் கையில் இது இருக்கும். வில்லைப் போட்டு இழுக்க இழுக்க, நடுவில் உள்ள தண்டு 'சர் சர்' என்று சுழன்று மரத்தைத் துளைக்கும். நம்முடையது சின்னது. ஒன்றரை அடி மூங்கில் பிளாச்சு ஒன்று. அதை லேசாக வளைத்துப் பம்பரக் கயிற்றைக் கட்டுங்கள். கயிறு விறைப்பாக இருக்க வேண்டாம், கொஞ்சம் தொளதொளவென்று இருக்கட்டும். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில் ஒரு நேரான குச்சி. அதன் அடியில் ஒரு சின்ன ஆணியை இறக்கி, தலையை வெட்டிவிட்டு, முனையைக் கொஞ்சம் தட்டையாக அராவ வேண்டும். இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். குச்சியின் மேல்முனைக்கு ஒரு தேங்காய்த் தொட்டித் துண்டு. அதன் உட்பக்கம் சின்னக் குழி செய்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுங்கள். காங்கேயத்தில் தேங்காய்த் தொட்டிக்கும் எண்ணெய்க்கும் பஞ்சமா என்ன! வில்லின் கயிற்றைக் குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றி, இடக்கையால் தொட்டியை மேலிருந்து பிடித்து, வலக்கையால் வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் குச்சி சுழலும்.

உருண்டையை எங்கே வைப்பது? கையில் பிடிக்கவே கூடாது. ஆணி வழுக்கினால் விரல் போய்விடும். ஒரு கிண்ணத்தில் பிசைந்த களிமண்ணை அழுத்தி நிரப்பி, அதில் உருண்டையைப் பாதி புதைத்து வையுங்கள். குழி நேர் மேலே பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, மெதுவாக இழுங்கள். அழுத்தாதீர்கள். வில்லை இருபது தடவை இழுத்ததும் நிறுத்தி, வெண்மையாகச் சேர்ந்திருக்கும் சேற்றைக் கழுவுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி இருபது.

முக்கியமான ரகசியம் இனிமேல்தான். ஒரே பக்கமாகக் கடைசி வரை போய்விடாதீர்கள்! ஆணி மறுபக்கத்தை நெருங்க நெருங்க, எதிரே இருக்கும் கல் மெல்லிய தோலாகிக்கொண்டே வரும். ஆணியின் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் அந்தத் தோல் பட்டென்று சில்லாகத் தெறித்துவிடும். மணியின் அடியில் பெரிய பள்ளம் விழும். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் பாதி வரை துளைத்துவிட்டு, திருப்பிப் போட்டு, எதிர்ப் பக்கத்திலிருந்து துளைத்தார்கள். இரண்டு சுரங்கமும் நடுவில் சந்திக்கும். ஆணியில் பாதி ஆழத்துக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். நூலை வைத்து எதிர்ப்புள்ளியை அவ்வளவு கவனமாகக் குறித்தது இதற்குத்தான்.

என் மாணவன் காட்டிய கல்லில் ஒரு பக்கம் மட்டும் குழி இருந்ததே, நினைவிருக்கிறதா? முதல் பக்கத்தை ஆரம்பித்தவர் ஏதோ காரணத்தால் அதோடு நிறுத்திவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டார்களோ என்னவோ!

நான் இதை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் செய்து பார்த்தேன். முதல் மணியை ஒரே பக்கமாகத் துளைத்தேன், அடியில் தெறித்தது. இரண்டாவதில் அவசரப்பட்டு அழுத்தினேன், சரிபாதியாகப் பிளந்தது. மூன்றாவதில் இரண்டு சுரங்கமும் சந்திக்கவே இல்லை. ஒன்றை ஒன்று தாண்டிப் போய்விட்டன. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மூன்று மணியையும் பாழாக்கினேன். வீட்டில் சிரித்தார்கள்.

நாலாவது மணியில், திருப்பிப் போட்டுத் துளைத்துக்கொண்டிருக்கும்போது ஆணி சட்டென்று கொஞ்சம் கீழே இறங்கியது. கல்லின் தடுப்பு இல்லை. அந்த நொடி கையில் தெரிகிறதே, அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கழுவிவிட்டுக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

ஓட்டை கிடைத்ததும் ஈரமான உப்புத்தாளில் மணியை உருட்டி உருட்டித் தேயுங்கள். முதலில் முரட்டுத் தாள், பிறகு நைசான தாள். கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் மாக்கல் கறுத்துப் பளபளக்கும். பிறகு கோத்துக்கொள்ளலாம். யானை முடிக்குப் போகவேண்டாம், சட்டை தைக்கும் நூலே போதும்!

கொடுமணல் பக்கம் போனால் ஒன்று செய்யாதீர்கள். வயலில் மணியோ கல் சில்லோ கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது எந்த இடத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பாதிக் கதை. ஏர் ஓட்டும்போதோ குழி வெட்டும்போதோ தானாக மேலே வந்துவிட்டால், இடத்தைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லச் சொல்லுங்கள். உங்கள் வாத்தியாரிடம் காட்டினால், அதில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், ஓட்டை ஆரம்பித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

என் நாலாவது மணி இப்போது சாவிக்கொத்தில் தொங்குகிறது. ஜன்னல் பக்கம் பிடித்து ஓட்டை வழியே பார்த்தால், வெளிச்சம் வட்டமாகத் தெரியாது. பிறைநிலா மாதிரி தெரியும். இரண்டு சுரங்கமும் நடுவில் ஒரு மயிரிழை விலகிச் சந்தித்திருக்கின்றன. பழைய மணிகளிலும் இந்தப் படிக்கட்டு உண்டு என்று படித்த பிறகு எனக்குக் கொஞ்சம் சமாதானம். ஐந்தாவது மணிக்கு நல்ல கல்சட்டித் துண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.